இரண்டு கறுப்புப் பட்டைகள்

என் தொழில் என்ன என்பதை வீட்டில் யாருக்கும் என்னால் புரியவைக்க முடிந்ததில்லை. பதினோரு வருடமாக லேப்டாப் திரைகளை இயக்கும் ஒரு சிப்புக்கு நிரல் எழுதுகிறேன். என் மனைவி வீட்டாரைப் பொறுத்தவரை நான் "டிவி சம்பந்தமா ஏதோ பண்றவர்". கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டு டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்று என் கையில் கொடுத்தார்கள். பேட்டரியைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். அன்று கிடைத்த மரியாதை அதற்குப் பிறகு கிடைக்கவே இல்லை. அது இன்னொரு முறை கிடைத்துவிடாதா என்ற நப்பாசையில்தான் கீழே சொல்லப்போகும் அத்தனையும் நடந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் சிப் செய்யும் வேலை ஒன்றும் பெரிய மந்திரமில்லை. லேப்டாப் திரையில் எத்தனை புள்ளிகள் என்பது தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடும். பக்கவாட்டில் ஆயிரத்து இருநூற்று எண்பது, மேலிருந்து கீழே எண்ணூறு வரிசை என்றால், அந்தத் திரை உடைந்து குப்பைக்குப் போகும்வரை அதுதான். ஆனால் அதில் ஓடும் பழைய மென்பொருளுக்கு எழுநூற்று அறுபத்தெட்டு வரிசையில்தான் படம் அனுப்பத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் முப்பத்திரண்டு வரிசையை என்ன செய்வது? இரண்டே வழிதான். படத்தை நடுவில் வைத்து, மேலே பதினாறு கீழே பதினாறு என்று கறுப்பாக விட்டுவிடலாம். அல்லது படத்தைப் பிடித்து இழுத்துத் திரையை நிரப்பலாம். கட்டிலைவிடச் சின்ன விரிப்பை நாம் இழுத்துச் செருகுவதுபோலத்தான். இழுப்பதா விடுவதா, இழுத்தால் எந்த வரிசையை எவ்வளவு என்று கணக்குப் போடுவது என் நிரல். அலுவலகத்தில் எனக்குப் பட்டப்பெயர் "இழுவை". நான் பேசுகிற விதத்துக்கும் அது பொருந்தும் என்கிறாள் என் மனைவி.

அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டும் பட்டறை வைத்திருக்கிறார். பதினோரு கண்ணாடிக் கடைகள் அவரிடம் வேலை கொடுக்கின்றன. கடைக்காரர்கள் சட்டத்தோடு வரும் மாதிரி பிளாஸ்டிக் லென்ஸைக் கழற்றி அனுப்புவார்கள். அதே உருவத்தில் உண்மையான லென்ஸை வெட்டி இங்கிருந்து திருப்பி அனுப்ப வேண்டும். சட்டத்தில் மாட்டுவது கடைக்காரர் வேலை. மாதிரியின் உருவத்தைத் தடவி அளவெடுக்க ஒரு கருவி முன்பு இருந்தது. அது கெட்டுப்போய், உதிரிபாகம் கிடைக்காமல், இப்போது அதன் மேல் டீ டம்ளர்கள் இருக்கின்றன.

அந்தக் கருவி போன பிறகு பட்டறையை ஓட்டுவது ஒரு ஜோடிக் கண்கள். மில்லி அக்கா என்று கடைக்காரர்கள் வரை எல்லோரும் கூப்பிடும் அம்மாளின் கண்கள். மில்லி என்றால் மில்லிமீட்டர். ஐம்பத்திரண்டு வயது, பட்டறையில் பத்தொன்பது வருடம். அவர் மாதிரி லென்ஸை லேப்டாப் திரையின் மேல் பதித்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திரையில் தெரியும் கோட்டை அம்பு விசைகளால் ஒவ்வொரு புள்ளியாக நகர்த்துவார். கோடு லென்ஸின் விளிம்போடு ஒட்டியதும் எந்திரத்தை முடுக்குவார். அந்த லேப்டாப் வாங்கிய அன்று திரையில் ஸ்கேலை வைத்து, திரையில் ஐம்பது மில்லி என்றால் கையிலும் ஐம்பது மில்லி என்று மென்பொருளைச் சரிசெய்தவரும் அவரே. அவர் வெட்டிய லென்ஸைக் கடைக்காரர்கள் சட்டத்தில் வைத்தால் டக்கென்று உட்கார்ந்துகொள்ளும். இத்தனைக்கும் அவர் மூக்கில் கண்ணாடி கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. "கண்ணு தப்புற அன்னிக்கு நானே எழுந்து போயிடுவேன், யாரும் சொல்ல வேணாம்" என்பார்.

ஒரு சனிக்கிழமை மதியம், இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்படி மனைவி என்னைப் பட்டறைக்கு அனுப்பினாள். மில்லி அக்கா அரைநாள் முடிந்து போய்விட்டிருந்தார். மச்சான் மட்டும் இருந்தார். குடையைக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கதை இல்லை. என் கண் அந்த லேப்டாப்பில் விழுந்தது. மேலும் கீழும் விரல் அகலம்கூட இல்லாத இரண்டு கறுப்புப் பட்டைகள்.

"மச்சான், இதென்ன கறுப்பா?"

"அது வாங்கின நாள்லேருந்தே அப்படித்தான் மாப்ள. ஸ்க்ரீன் கொஞ்சம் போயிருக்கும்னு நினைக்கிறேன்."

"ஸ்க்ரீன் போகல மச்சான். உங்க சாஃப்ட்வேர் எழுநூத்தி அறுபத்தெட்டு வரிசைதான் அனுப்புது. பேனல் எண்ணூறு. நடுவுல இருக்கிற சிப்..."

இருபது நிமிடம் பேசினேன். மச்சான் அதில் பாதி நேரம் டம்ளர் கழுவினார். கடைசியில், இது எங்கள் சிப்தான், இதற்கு நான் எழுதிய நிரல் உள்ளே இருக்கிறது என்று சொல்லி, இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினேன். திரை ஒரு கணம் இருண்டு, விளிம்பு முதல் விளிம்பு வரை நிரம்பி வந்தது.

"அட! ஆறு வருஷமா இதைக் கட்டிக்கிட்டு அழறோம். ரெண்டு செகண்டுல முடிச்சுட்டீங்களே!" என்றார் மச்சான். உடனே போனில் என் மனைவியைக் கூப்பிட்டு, "உன் வீட்டுக்காரர் பெரிய ஆளுதான்மா" என்றார். ரிமோட்டுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த இரண்டாவது விருது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக்கும் ஊதும்போது இப்படித்தான் பெருமையாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை மில்லி அக்கா வந்து பார்த்துவிட்டு, "பளிச்சுன்னு இருக்கே, தம்பி நல்லா பண்ணியிருக்காரு" என்றாராம். வழக்கம்போல முக்காலியில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, மாதிரி லென்ஸைத் திரையில் வைத்தார். புதன்கிழமைக்குள் அறுபத்து நான்கு லென்ஸ் வெட்டி அனுப்பினார்.

வியாழக்கிழமை போன்கள் வர ஆரம்பித்தன. லென்ஸ் சட்டத்தில் நிற்கவில்லை. பக்கவாட்டில் சரி, ஆனால் மேலே ஒரு கீற்று இடைவெளி. தலையைக் குனிந்தால் லென்ஸ் கீழே விழுகிறது. முதல் கடைக்காரர் கிண்டல் செய்தார், மூன்றாமவர் வருத்தப்பட்டார், ஏழாமவர் கத்தினார். அத்தனையும் ஒவ்வொருவர் பவருக்கும் தனியாகச் செய்யப்பட்ட லென்ஸ்கள். வெட்டினால் வெட்டினதுதான், ஒட்ட முடியாது. சனிக்கிழமைக்குள் அறுபத்து நான்கும் அவற்றின் மாதிரிகளோடு ஒரு அட்டைப்பெட்டியில் திரும்பி வந்து சேர்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டில் மதியச் சாப்பாடு. அவர் முகம் சரியாக இல்லை. விஷயத்தைச் சொன்னார். நான் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். வீட்டில் ஒரு நிபுணர் இருக்கும்போது அவர்தானே பேச வேண்டும்?

"ஸ்கேல் வெச்சுப் பாத்தீங்களா மச்சான்?"

"முதல் வேலையா அதைத்தான் பாத்தேன். சாஃப்ட்வேர்ல ஒரு கோடு வருமே, அம்பது மில்லி. ஸ்கேல் வெச்சேன். துல்லியமா அம்பது."

"படுக்கைக் கோடுதானே?"

"ஆமா, அது ஒண்ணுதான் வரும்."

"அப்போ ஸ்க்ரீன் சரி" என்று நான் சான்றிதழ் கொடுத்தேன். பதினோரு வருட அனுபவம். படுக்கைக் கோடுதானே என்று கேட்ட அதே வாய், அந்தக் கேள்விக்கு வந்த பதிலை மென்று விழுங்கிவிட்டு, அடுத்த கவளத்துக்குப் போனது.

அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை இன்னொருவரைக் கெடுத்தது. "வயசு ஒரு காரணமா இருக்கலாம் மச்சான். அம்பதுக்கு மேல கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் இறுகிடும். கிட்டத்துல இருக்கிறது சரியாத் தெரியாது. அவங்களுக்கே தெரியாம நடக்கும். யாரையும் குத்தம் சொல்ல முடியாது" என்றேன். மிகுந்த கருணையோடு சொன்னேன். அந்தக் கருணையை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

திரும்பும் வழியில் மனைவி கேட்டாள். "போன வாரம் அங்க போனீங்களே, எதையாவது நோண்டினீங்களா?"

"நோண்டறதா? கெட்டுக் கிடந்ததைச் சரி பண்ணிட்டு வந்தேன். உங்கண்ணன்தான் போன் பண்ணிச் சொன்னாரே."

"அதான் கேட்டேன்" என்றாள்.

மச்சான் நான் சொன்னதை மென்மையாகத்தான் மில்லி அக்காவிடம் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை கண்ணைக் காட்டிவிடுங்கள் என்று மட்டும். திங்கட்கிழமை காலை அவர் போய்க் காட்டினார். படிக்கும் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றேகால் பவர். அந்த வயதில் அது இல்லாதவர்கள்தான் அபூர்வம். எனக்கு நாற்பதிலேயே வந்துவிட்டது. ஆனால் மில்லி அக்கா அந்தச் சீட்டோடு பட்டறைக்கு வந்து, அளவெடுக்கும் காலிப்பரை மேசையில் மச்சான் முன்னால் வைத்துவிட்டு, "சொன்ன வார்த்தை சொன்னதுதான்" என்று கிளம்பிவிட்டார். மச்சான் தடுத்துப் பார்த்தார். அவர் நிற்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் சோதனைப் பிரிவுப் பெண்மணி என்னைக் கூப்பிட்டார். என் நிரலில் குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவர். புதிய பேனல் ஒன்றில் வட்டம் வரைந்து வைத்திருந்தார்.

"இழுவை சார், உங்க வட்டம் முட்டையா இருக்கு."

குனிந்து பார்த்தேன். எனக்கு வட்டமாகத்தான் தெரிந்தது. ஸ்கேலை எடுத்துப் பக்கவாட்டில் வைத்தேன். "சரியாத்தானே இருக்கு?"

"பக்கவாட்டுல சரியாத்தான் இருக்கும். நீங்க மேலயும் கீழயும்தானே இழுத்து வெச்சிருக்கீங்க? ஸ்கேலை நிமிர்த்தி வெச்சுப் பாருங்க."

நிமிர்த்தி வைத்தேன். நூறு மில்லி இருக்க வேண்டிய இடத்தில் நூற்று நான்கு சொச்சம் இருந்தது. அவர் ஏதோ தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். என் காதில் விழவில்லை. பக்கவாட்டில் சரி, மேலே ஒரு கீற்று இடைவெளி.

இருக்கைக்கு வந்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். போடுவதற்கு ஒன்றுமே இல்லை. இழுத்த திரையில் மில்லி அக்கா முப்பது மில்லி உயரமுள்ள மாதிரியை வைத்துக் கோட்டை ஒட்ட வைத்தால், மென்பொருள் அதை இருபத்தெட்டே முக்காலுக்குச் சற்று மேல் என்று நினைத்துக்கொள்ளும். எழுநூற்று அறுபத்தெட்டை எண்ணூறால் வகுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. நூற்றுக்கு நாலு மில்லி குட்டை. என் பிழைப்பே இந்த வகுத்தல்தான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை இந்த இரண்டு எண்களைப் பார்க்கிறேன். பட்டறையில் அந்தப் பட்டைகளைப் பார்த்தபோது இதே எண்களை வாய் நிறையச் சொல்லியும் இருக்கிறேன். அவை படத்துக்குப் பழுது என்று எனக்குத் தோன்றியதே தவிர, அந்தப் படத்தின் மேல் ஒருவர் பொருளை வைத்து அளக்கிறார் என்பது தோன்றவில்லை. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு, கண்ணாடியில் ஒரு நிபுணரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஒரு யோக்கியன் அடுத்து என்ன செய்வான்? போனை எடுப்பான். நான் செய்தது வேறு. சாயங்காலம் பட்டறைக்குப் போனேன். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றேன். மச்சான் டீ வாங்கப் போன இடைவெளியில் அதே இரண்டு விசைகளை மறுபடியும் அழுத்தினேன். பட்டைகள் திரும்பி வந்தன. ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன், அச்சுப்பிசகாமல் இருந்தது. நாளையிலிருந்து லென்ஸ் சரியாக வரும், மச்சான் சமாதானமாகி அக்காவைத் திரும்பக் கூப்பிடுவார், எல்லாம் நீர் மேல் எழுத்தாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். என் கணக்கைப் பற்றி இதற்குள் உங்களுக்கு ஓர் அபிப்பிராயம் வந்திருக்கும்.

மச்சான் டீயோடு வந்து திரையைப் பார்த்தார். "என்ன மாப்ள, பட்டை திரும்ப வந்துருச்சு?"

"அது... பேனல் சூடானா அப்படி ஆகும் மச்சான். விட்டுடுங்க."

"அப்படியா?" என்றார் பயபக்தியோடு.

புதனும் வியாழனும் மச்சானே முக்காலியில் உட்கார்ந்தார். அவர் கை ஆணி அடித்தாலே சுவர் பெயரும். ஒரு லென்ஸுக்கு அரைமணி நேரம் எடுத்து, தட்டுத் தடுமாறிப் பன்னிரண்டு வெட்டி, பக்கத்துக் கடைக்கு அனுப்பினார். பன்னிரண்டும் சட்டத்தில் உட்கார்ந்துகொண்டன. வியாழக்கிழமை சாயங்காலம் அவர் போன் செய்தபோது மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாப்ள, நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. மிஷின்ல தப்பில்ல, ஸ்க்ரீன்ல தப்பில்ல. என்னை மாதிரி ஆளு வெட்டினாலே சரியா வருதுன்னா, அக்கா கண்ணுதான். பாவம், ஒத்துக்க வேண்டியதுதான். அவங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"நான் வெட்டினது சரியா உக்காந்துச்சுக்கா, நீங்க எடுத்த முடிவு சரிதான்னேன். மனசு ஆறட்டும்னுதான் சொன்னேன். வீட்டுல ஊசி நூல்கூட அவங்க வீட்டுக்காரர்தான் கோத்துக் குடுக்கிறாராம். எதையும் நம்பித் தொட மாட்டேங்கிறாங்களாம்."

நான் ஒளித்துவைத்த திருத்தம் அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. குற்றவாளி தடயத்தை அழிக்கப் போய் அப்பாவியின் கைரேகையைப் பதித்துவிட்டு வந்த கதை. போன் அணைந்த பிறகு மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கேட்ட கேள்வியை அவள் திரும்பக் கேட்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், அதற்குக் கேள்வி எதற்கு? எல்லாவற்றையும் சொன்னேன். எழுநூற்று அறுபத்தெட்டு என்று ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்கு விளக்கம் வேணாம். காலையில முதல் வேலையா அவங்க வீட்டுக்குப் போங்க."

வெள்ளிக்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டு முதலில் பட்டறைக்குப் போனேன். மச்சானிடம் சொன்னேன். அவர் திரையில் இருந்த பட்டைகளைப் பார்த்துவிட்டு, "அப்போ... அந்தச் சூடு?" என்றார்.

"சூடெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அந்த அட்டைப்பெட்டியையும் காலிப்பரையும் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, "நானும்தான் அவங்களை நம்பாம உங்களை நம்பினேன்" என்றார். அதைக் கேட்பதற்குப் பதில் நாலு அறை வாங்கியிருக்கலாம்.

மில்லி அக்காவின் வீடு மூன்றாவது மாடியில். அவர் கணவர் கதவைத் திறந்தார். ஒரு கையில் சட்டை, ஒரு கையில் ஊசி, மூக்கின் நுனியில் கண்ணாடி. உள்ளே அக்கா ஜன்னல் ஓரம் சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்த மில்லி அக்காவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவருக்கு வாங்கிய புதுக் கண்ணாடி உறை பிரிக்காமல் மேசையில் இருந்தது.

"வாங்க தம்பி" என்றார்.

பெட்டியை மேசையில் வைத்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த நீண்ட பேச்சு ஒன்று இருந்தது. நல்லவேளையாக அது மறந்துபோனது. "அக்கா, உங்க கண்ணு மேல தப்பே இல்ல. நான்தான் அந்த ஸ்க்ரீனை இழுத்து வெச்சேன். மேலயும் கீழயும் மட்டும் நூத்துக்கு நாலு இழுத்துடுச்சு. நீங்க சரியாத்தான் ஒட்ட வெச்சீங்க. அது பொய்யாக் காட்டியிருக்கு" என்றேன்.

அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆறுதல் சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்தார் போலிருக்கிறது. காலிப்பரை எடுத்து ஒரு மாதிரியின் உயரத்தை அளந்து காட்டினேன். முப்பது. அதற்காக அவர் வெட்டிய லென்ஸ் இருபத்தெட்டு புள்ளி எட்டு. அடுத்த மாதிரி முப்பத்தைந்து, லென்ஸ் முப்பத்து மூன்று புள்ளி ஆறு. மூன்றாவதை நான் எடுப்பதற்குள் அவர் என் கையிலிருந்து காலிப்பரை வாங்கிக்கொண்டார். தானே அளந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவில்லை. காலிப்பரின் எண்களைக் கணவர் குனிந்து படித்துச் சொல்ல, நான் காகிதத்தில் எழுதினேன். பத்து, இருபது, அறுபத்து நான்கு. ஒவ்வொன்றும் நூற்றுக்கு நாலு. ஒன்றுகூட மூன்றரை இல்லை, நாலரை இல்லை.

"கண்ணு போயிருந்தா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி தப்பியிருக்கும்" என்றார் அக்கா மெல்ல, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

"அதேதான்க்கா. இவ்வளவு ஒழுங்கா ஒரே அளவுக்குத் தப்பு பண்ண உங்களை விட்டா ஆளே கிடையாது."

அவர் சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. கணவர் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா?" என்றார். "இந்த நாலு நாளா எனக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம். படி இறங்கும்போதுகூட இது இங்கதான் இருக்கான்னு காலால தடவிப் பாத்து இறங்கினேன்." அவர் கணவர் ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு மூக்கை உறிஞ்சினார். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிடம் என்னை நானே கொஞ்சம் மெச்சிக்கொண்டேன். உண்மையை ஒப்புக்கொள்ள வந்த பெரிய மனிதன் அல்லவா.

அக்கா லென்ஸ்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினார். அடுக்கிக்கொண்டே கேட்டார். "இது உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது தம்பி?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். மனைவியும் மச்சானும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பத்தொன்பது வருடம் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றைப் பிடித்த கண்கள் என் முகத்தின் மேல் இருந்தன.

"செவ்வாய்க்கிழமை."

"இன்னிக்கு வெள்ளி."

"ஆமாக்கா."

"முதலாளி நேத்து எனக்குப் போன் பண்ணி, தான் வெட்டினது சரியா வந்துச்சுன்னு சொன்னாரு. அப்பவும் உங்களுக்குத் தெரியும்."

அப்போது ஸ்க்ரீனைச் சரிசெய்து வைத்திருந்ததே நான்தான் என்று சொன்னேன். அதையும் சொல்லாமல் விட்டால் என் வாயை நானே சகிக்க முடியாது. அவர் கடைசி லென்ஸை வைத்துப் பெட்டியை மூடினார்.

"அந்த விசையை நீங்க தெரியாம அழுத்தினீங்க. அதுக்கு நான் ஒண்ணும் நினைக்கல. இந்த மூணு நாளும் தெரிஞ்சு இருந்தீங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஒரு விளக்கமும் கொடுக்காமல் நின்றேன்.

அவர் உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். முப்பத்திரண்டு பேர் கண்ணாடி இல்லாமல் இருக்கிறார்கள், இன்றைக்கே ஆரம்பித்தால்தான் ஆகும் என்று கணவரிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். என்னிடம் வாருங்கள் என்றும் சொல்லவில்லை, வராதீர்கள் என்றும் சொல்லவில்லை. மூன்று மாடிப் படிகளையும் கைப்பிடியைத் தொடாமல் விறுவிறுவென்று இறங்கினார். நான் பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன்.

பேருந்து கிட்டத்தட்ட காலியாக வந்தது. நான் ஏறி ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்து இடத்தை அவருக்கு விட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். பட்டறை வரை ஒன்பது நிறுத்தம். மில்லி அக்கா கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தார்.